பாடுகிற மோட்டாரும் அகீகாக் குட்டியின் தோலும்

ஆம்பூர் ஷபீ அஹமது சாயபுவின் மோட்டாரை ஓட்டிய குர்ஷித், முதலில் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவன்தான். அவன் அப்பன், அப்பனோடு பிறந்தவர்கள், அம்மாவோடு பிறந்த மாமன் எல்லாருமே சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் குழிக்குள் நின்று தோலுக்கு மயிர் கழற்றியவர்கள். மாமன் மகள் மஹ்பூபியைத்தான் அவனுக்குக் கட்டிவைத்தார்கள். நிக்காஹுக்குச் சம்மதம் கேட்டபோது அவள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சரி என்றாள் என்று சொந்தத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் அப்பன் மேலும் அதே வாசனைதான் அடித்தது என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

சாயபு மோட்டார் வாங்கியபோது கூடவே பட்டணத்து டிரைவரும் வந்தான். ஊர் நாற்றம் தாங்காமல் சீக்கிரமே ரயிலேறிவிட்டான். அதுவரை வண்டியைக் கழுவிக் கழுவியே ஓட்டப் பழகிவிட்ட குர்ஷித் அந்த இடத்தில் உட்கார்ந்தான். காக்கிக் கோட்டும் காதில் அத்தர்ப் பஞ்சுமாக அவன் ஷாப்புக்குள் வண்டியைத் திருப்பும்போதெல்லாம், கூட வேலை செய்த இருதயராஜ் குழிக்குள் இருந்தே குரல் கொடுப்பான்.

“தோஸ்த், உன் எடம் காலியாத்தான் கீது. வேற ஆள எறங்க வுடல.”

குர்ஷித் சிரிப்பான். ஆனாலும் அன்று சோறு இறங்காது.

சாயபு மகளுக்கு வாணியம்பாடியில் மாப்பிள்ளை அமைந்தது. அவரும் தோல் வியாபாரி வீட்டுப் பையன்தான். ரயிலடியிலிருந்து மாப்பிள்ளையை மோட்டாரில் கூட்டி வர வேண்டும். வண்டி பாடிக்கொண்டே வர வேண்டும். அதற்காகவே சாயபு ஒரு கிராமபோன் பெட்டி வாங்கி குர்ஷித்திடம் கொடுத்தார்.

“வாணியம்பாடிக்காரங்க மோட்டார் பாத்திருப்பாங்க. பாடற மோட்டார் பாத்திருக்க மாட்டாங்க. பெட்டி வாய் தொறக்கலேன்னா நீ பழையபடி குழிதான்.”

முதல் வெள்ளோட்டத்திலேயே வம்பு வந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஊசி துள்ளி, தட்டில் பாட்டின் பாதியைத் தாண்டிப் போய் விழுந்தது. குர்ஷித் ஷாப்பில் கழற்றிப்போட்ட ஆட்டு மயிரை மூட்டை கட்டி, அதன்மேல் பெட்டியை உட்காரவைத்தான். பெட்டி மெத்தையில் படுத்த மாதிரி அசைந்து கொடுத்தது. ஊசி அடங்கிப் போயிற்று. அந்தப் பெருமையில் பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்து மஹ்பூபிக்குக் காட்டினான்.

“பாடறவன் எங்க குந்தினு கீறான்?” என்றாள் அவள்.

“ஆளெல்லாம் இல்லடி. சாவி குடுத்தா உள்ள இருக்கிற சுருளு வில்லு தட்ட சுத்தும். தட்டுல மயிரு மாதிரி கோடு இருக்கு. ஊசி அதுல ஓடி நடுங்கும். அந்த நடுக்கம் இந்தச் சின்ன டப்பிக்குள்ள இருக்கிற காக்காப்பொன் ஏட்ட ஆட்டும். அதான் தொண்ட. இந்தக் குழா அதப் பெரிசாக்கித் தெருவுக்குச் சொல்லும்.”

“குழா எங்கம்மா மாதிரின்னு சொல்லு. தொண்டயக் காட்டு, பாக்கலாம்.”

குர்ஷித் டப்பியின் திருகாணியைக் கழற்றினான். காட்டுகிற ஆர்வத்தில் கட்டைவிரல் அழுந்தியது. கண்ணாடி போல மெல்லிய காக்காப்பொன் ஏடு நடுவில் விண்டுபோயிற்று. கல்யாணத்துக்கு இடையில் ஒரே நாள்தான் இருந்தது. புது ஏட்டுக்குப் பட்டணம்தான் போக வேண்டும்.

தோல் ஊர்க்காரனுக்கு வேறு என்ன தோன்றும்? மேளத்துக்குத் தோல்தானே குரல் என்று குர்ஷித் ஷாப்புக்கு ஓடினான். ஆவாரம்பட்டை குடித்துப் பதமான, சீமைக்குக் கப்பலேறுகிற மெல்லிய ஆட்டுத் தோலில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, வட்டமாக வெட்டி டப்பியில் பூட்டினான். சளி பிடித்தவன் கம்பளிக்குள் கிடந்து பாடுகிற மாதிரி ஒரு முனகல் வந்தது.

மஹ்பூபி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னா சிரிப்பு? என் பொழப்பே போவுது.”

“பதம் போட்டு ஊமையாக்கிட்டு பாடுன்னா எப்படிப் பாடும்? இத்தன வருசம் குழில இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?”

அவள் கொல்லைப்பக்கம் போனாள். அக்காள் பிள்ளை பிறந்ததற்கு அகீகா என்று அறுத்துக் கொடுத்த ஆட்டுக்குட்டியின் தோல் அங்கே சுவரில் காய்ந்துகொண்டிருந்தது. அதை நகத்தால் சுண்டினாள். டங் என்றது. கத்தியால் மயிரைச் சுரண்டி, அப்பளம் போல் மெலிதாக்கி, வட்டமாக வெட்டி டப்பியில் பூட்டினார்கள். இந்தத் தடவை கவ்வாலிப் பாட்டு தெருக்கோடி வரை கேட்டது.

கல்யாண நாள் உச்சி வெயிலில் மோட்டார் ரயிலடியை விட்டுப் பாடிக்கொண்டே கிளம்பியது. முன்சீட்டில் குர்ஷித்துக்குப் பக்கத்தில் பெட்டி. பின்சீட்டில் பூச்சரத்துக்குள் மாப்பிள்ளை, அவருக்கு ஒரு பக்கம் சாயபு, மறுபக்கம் மாப்பிள்ளையின் அப்பா. கடைத்தெருவில் கூட்டம் மறிக்க, வண்டி நின்றது. வெயில் உறைக்க உறைக்கக் குழாயிலிருந்து பாட்டோடு இன்னொன்றும் வந்தது. ஒரு நாய் மோட்டார்ப் படிமேல் தாவிக் குழாய்க்குள் மூக்கை விட்டது. அதைத் துரத்துவதற்குள் பின்னாலேயே ஒரு நாய்ப் பட்டாளம் வந்து சேர்ந்தது. வண்டி நகர, அதுவும் ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டது.

“நாய் ஏண்டா தொரத்துது?” என்றார் சாயபு.

“பாட்டு புடிச்சிருக்கு, முதலாளி.”

சாயபு எட்டிக் குனிந்து, நாய் செய்தது போலவே குழாயை முகர்ந்தார்.

“டேய், இது வெள்ளாடு.”

“ஆமாங்க.”

“குட்டி.”

“ஆமாங்க.”

“பதம் போடாதது.”

குர்ஷித் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சுண்ணாம்புக் குழி காலடியிலேயே வாய் திறந்திருப்பது போல இருந்தது. அந்த நேரம் வாணியம்பாடிச் சம்பந்தியும் குனிந்தார். கண்ணை மூடி, நிதானமாக முகர்ந்தார்.

“நல்ல தோலு. காய வெக்கறப்போ போடற உப்புதான் கொஞ்சம் கம்மி” என்றார்.

சாயபுவுக்குச் சுருக்கென்றது. சம்பந்தி வாயால் தன் ஊர்த் தோலுக்குக் குறையா?

“கம்மியாத்தான் போடணும் பாய். ஜாஸ்தி போட்டா தொண்ட கட்டிக்கும். எங்க டிரைவரு கணக்குப் பண்ணிப் போட்டது” என்றார்.

சம்பந்தி பெரிய விஷயம் கேட்டவர் போலத் தலையாட்டினார். மாப்பிள்ளையின் பூச்சரம் மட்டும் உள்ளே அடக்கிய சிரிப்பில் குலுங்கிக்கொண்டே இருந்தது.

ஷாப்பைத் தாண்டும்போது இருதயராஜ் வாசலில் நின்றிருந்தான். நாய்களைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“தோஸ்த், எடம் காலியாத்தான்...”

“இருதயராஜு,” சாயபு பின்சீட்டிலிருந்து சொன்னார், “அந்த எடத்துக்கு நாளைக்கே வேற ஆள வெச்சுக்கோ.”

அன்று ராத்திரி குர்ஷித் கல்யாணச் சோற்றை மூன்று தட்டு சாப்பிட்டான் என்பார்கள். பட்டணத்திலிருந்து புது ஏடு வந்தும் சாயபு அதை மாட்டவிடவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் உப்புக் கணக்குப் பேசினார். நாய்கள்தான் கடைசி வரை அந்த மோட்டாரை விடவில்லை. பெட்டியை ஏற்றாமல் வண்டி கிளம்பினாலும் துணைக்கு வந்தன.