செல்வதுரை அடைத்த ஜன்னல்

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் படகு வைத்திருப்பவர்கள் கரைக்கு வந்ததும் மீனை ஏலத்துக்கு விடுவார்கள், பேட்டரியைச் செல்வதுரையிடம் விடுவார்கள். படகில் விளக்கு எரிவதும், ஜிபிஎஸ் வழி காட்டுவதும், வயர்லெஸ் பேசுவதும் அந்தக் கறுப்புப் பெட்டிகளின் தயவில்தான். செல்வதுரை சாத்தான்குளம் பக்கத்துக்காரர். அப்பாவின் மளிகைக் கடையில் பருப்பு நிறுக்கப் பிடிக்காமல் ஒரு பட்டறையில் தொழில் படித்துவிட்டு, கடற்கரைக்குப் போகும் தெருவில் கடை பிடித்தார். முன்னறையில் மேசையும் அவருடைய ஓயாத பேச்சும். பின்னறையில் பேட்டரிகளும் சார்ஜரும்.

ஜாக்கிரதையான மனுஷன் என்று அவருக்குப் பெயர். பீடியோடு யாராவது வாசலில் கால் வைத்தால் போதும். "ஏலே, அங்கனயே நில்லு! சார்ஜ் ஏறும்போது பேட்டரியில காஸ் வரும், தெரியுமாலே? ஒரு பொறி பட்டாப் போதும், உன்னையப் பொறுக்கி எடுக்கத்தான் ஆள் தேடணும்" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்துவார். அப்படிக் கத்துகிறவர்தான், வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் எரிகிற சூடத் தட்டோடு பின்னறைக்குள் போய் சார்ஜருக்கும் பேட்டரிகளுக்கும் காட்டிவிட்டு வருவார். சாமிக்குக் காட்டுகிற நெருப்பு அவர் கணக்கில் நெருப்பே இல்லை. பின்னறைக்குக் கடலைப் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. அதில் வருகிற காற்று காஸை அள்ளிக்கொண்டு போய்விடும். இத்தனை வருஷமும் அவரைக் காப்பாற்றியது அந்த ஜன்னல்தான். அவரோ சாமி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பழைய சார்ஜர் ஒரு நாள் உயிரை விட்டது. ஒரே நேரத்தில் நிறையப் பேட்டரிக்கு ஏற்றுகிற புது மெஷின் ஒன்றை வாங்கினார். அதை மாட்ட வந்த பாண்டியராஜன் பொறுமையான ஆள். மெஷினைப் பேட்டரிகளுக்கு நேர் மேலே வைக்காமல் தள்ளிச் சுவரில் மாட்டினார், எர்த் கம்பியைச் சோதித்தார். கிளிப்பை மாட்டிய பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும், சுவிட்சை அணைத்த பிறகுதான் கிளிப்பைக் கழற்ற வேண்டும் என்றார். "காஸ் இப்ப முன்ன விட அதிகமா வரும் அண்ணாச்சி. ஜன்னல மட்டும் என்னைக்கும் மூடிராதீங்க" என்றார்.

"எங்கிட்டயா சொல்லுதிய?" என்று செல்வதுரை சிரித்தார்.

ஆனால் தூத்துக்குடியில் இரும்பு வைத்திருப்பவனுக்கு உப்புக் காற்றைப் போல எதிரி கிடையாது. கொஞ்ச நாளிலேயே புது மெஷினின் திருகாணிகளில் துரு பூத்தது. பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த மாதிரி அவர் பதறிப்போனார். ஒரு பலகையை அளவாக வெட்டி, ஜன்னலில் வைத்து, ஓரமெல்லாம் எம்சீல் பசை பூசி அடைத்தார். வேலை சுத்தமாக இருந்தது என்று அவருக்கே திருப்தி.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை அவர் மனைவி முருகேஸ்வரி எப்போதும் போல வந்து கடையின் முன்பக்கத்தைக் கூட்டி, படங்களுக்குப் பூ வைத்து, சூடம் ஏற்றி முன்னறையில் காட்டிவிட்டுத் தட்டை அவரிடம் நீட்டினாள். அவர் செல்போனில் யாருக்கோ பேட்டரியைப் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். "ஏளா, நீயே உள்ள கொண்டு போயி மெஷினுக்குக் காட்டிட்டு வா" என்றார்.

"மெஷின் ஓடுதே?"

"ஓடினா என்ன? சாமி காரியந்தான?"

அவள் போனாள். பின்னறை வாசலைத் தாண்டியதுமே டயர் வெடித்தது போல ஒரு சத்தம். அதன் பிறகு அவள் அலறல்.

எதிர்ப்பக்கம் நின்று பீடியை முடித்துக்கொண்டிருந்த கித்தேரியான் என்கிற படகுக்காரர்தான் ஓடி வந்தார். ஆசிட் தெறித்த முகத்தோடு கிடந்தவளைத் தூக்கிவந்து, வாசல் டிரம்மிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீரை மோந்து கண்ணிலும் கழுத்திலும் ஊற்றினார். ஆட்டோ வந்து நின்ற பிறகும் ஊற்றுவதை நிறுத்தவில்லை. செல்வதுரை செல்போனைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அந்தத் தண்ணீர்தான் கண்ணைக் காப்பாற்றியது என்று டாக்டர் சொன்னார். கழுத்தும் வலது கையும் மட்டும் வெந்து போயின.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் கூடி, எப்படி நடந்தது என்று கேட்டார்கள். "நெருப்போட உள்ள போகாதன்னு நூறு தடவ சொல்லியிருக்கேன். கேட்டாத்தான?" என்றார் செல்வதுரை. சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. அவர் வாய் அவரை முந்திக்கொண்டது. எல்லோரும் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். பரிதாபத்தை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு திருப்பிக் கொடுப்பது எப்படி? அன்றைக்கே கடைக்குப் போய், யாரும் கவனிக்கும் முன்பு ஜன்னல் பலகையைப் பெயர்த்து எறிந்தார்.

அவர் அனுப்பித்தான் போனோம் என்பது முருகேஸ்வரிக்குத் தெரியும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஜன்னல் அடைபட்டிருந்ததுதான் அவளுக்குத் தெரியாது. "இத்தன வருசம் நீங்க காட்டுனிய, ஒண்ணும் ஆவல. நான் ஒரு நாள் காட்டினேன், வெடிச்சிட்டு. என் கையிலதான் ஏதோ கோளாறு" என்று வீட்டுக்கு வந்த பிறகு அழுதாள். அவர் களிம்பு தடவிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். "அழாத, சரியாயிரும்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் விளக்கேற்றுவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு ஏற்றச் சொன்னாள். கல்யாண வீடுகளில் ஆரத்தி எடுக்கக் கூப்பிட்டால் தட்டைத் தொடாமல் பின்வரிசைக்குப் போனாள். செல்வதுரை ஒவ்வொன்றையும் பார்த்தார். தன்னை நினைத்தால் அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் மறுநாள் கடை திறந்ததும் யாராவது "அக்கா எப்படி இருக்காவ? நீங்க சொன்னதக் கேட்டிருக்கலாம்" என்பார்கள். அவர் தலையை ஆட்டுவார்.

படகுக்காரர்கள் பலர் வீட்டிலேயே சார்ஜர் வாங்கி அடுப்பங்கரையில் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். அதனால் அவர்கள் சங்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் ஆபத்தைப் பற்றிச் செல்வதுரையைப் பேசக் கூப்பிட்டார்கள். "அக்காவையும் கூட்டியாங்க. தண்ணி ஊத்துன விசயத்த அவங்களே சொல்லட்டும்" என்றார் கித்தேரியான். மறுக்கச் செல்வதுரைக்குக் காரணம் கிடைக்கவில்லை.

அவர் நன்றாகவே பேசினார். காற்றோட்டமான இடம், கையுறை, கண்ணாடி, கிளிப்பை மாட்டும் முறை, பக்கத்தில் நெருப்பே கூடாது என்பது, எல்லாம் சொன்னார். ஜன்னல் என்ற சொல் வந்த இடத்தில் மட்டும் நாக்கு தடுக்கியது. பிறகு முருகேஸ்வரி எழுந்தாள். ஆசிட் பட்டால் துணியால் துடைக்காமல் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற வரைக்கும் ஊற்ற வேண்டும் என்றாள். உட்காரப் போனவள் திரும்பி, "எங்க வீட்டுக்காரர யாரும் தப்பா நெனைக்காதிய. அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. நான்தான் கேக்கல" என்றாள்.

அதற்கு மேல் செல்வதுரையால் முடியவில்லை. மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"அவ எனக்காகப் பொய் சொல்லுதா. போன்னு சொன்னது நான். மெஷின் துருப்பிடிக்குன்னு ஜன்னல அடச்சதும் நான். காஸ் போக வழியில்லாமத்தான் வெடிச்சிது. அவ கையில ஒரு கோளாறும் இல்ல."

கூட்டத்தில் எங்கிருந்தோ ஒருவர் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். "இத ஒத்துக்கிட ஒரு தைரியம் வேணும் அண்ணாச்சி. நீங்க பெரிய மனுசன்" என்று கித்தேரியான் கட்டிப் பிடித்தார். ஒவ்வொருவராக வந்து கை குலுக்கினார்கள். செல்வதுரைக்குக் காது சூடேறியது. கூட்டத்துக்கு மேலாக எட்டிப் பார்த்தார். முருகேஸ்வரி வெளியே போய்விட்டிருந்தாள்.

ஸ்கூட்டரில் இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பாதி வழியில் அவள் கேட்டாள். "நான் அழுதப்பல்லாம் காரணம் உங்களுக்குத் தெரியும், என்ன?"

"தெரியும்."

"வண்டிய நிறுத்துங்க."

நிறுத்தினார். அவள் இறங்கி, கழுத்துத் தழும்பின் மேல் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இத வீட்டுல வச்சு எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம்லா. ஆனா அங்கன கை தட்ட ஆள் இருந்திருக்காது."

சொல்லிவிட்டு அவள் நடந்தாள். செல்வதுரை எஞ்சினை அணைத்து வண்டியை உருட்டிக்கொண்டு பின்னால் போனார். எட்டி நடந்தால் அவளோடு சேர்ந்துவிடலாம். அவருக்கு வெட்கமாக இருந்தது.