காஜா பாய் தோற்ற ஞாயிறுகள்

செவ்வாய்க்கிழமை காலை அடுப்பில் பால் இருந்தபோது தொலைபேசி அடித்தது. கடையநல்லூரிலிருந்து ரஹ்மத் பேசினாள். காஜா மைதீன் பாயின் மூத்த மகள். “ஆச்சி, வாப்பா மௌத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுதுட்டு, செத்த நேரம் சாயுதேன்னு படுத்தாங்க. பெறவு எந்திக்கல” என்றாள். அவள் குரல் உடையவில்லை. என் குரலும் உடையவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் தொலைபேசியை எடுத்திருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. பால் பொங்கவில்லை. அந்த அளவுக்கு ஒழுங்கான பெண்ணாக என்னை வளர்த்த கான்வென்ட் கன்னியாஸ்திரிகள் மீது அன்று முதன்முறையாகக் கோபம் வந்தது.

தென்காசியைச் சுற்றி எந்த ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தாலும் நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். வில்லுப்பாட்டு மேடைக்கு இடப்பக்கம், ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பின்னால், வெள்ளைச் சட்டையும் கைலியுமாக ஒரு மனிதர் நின்றுகொண்டே இருப்பார். உட்கார மாட்டார். வலது கை சத்தம் கூட்டும் திருகின் மேலேயே இருக்கும். மைக் செட் காஜா பாய் என்றால் ராயகிரியிலும் தெரியும், செங்கோட்டையிலும் தெரியும். ஏறத்தாழ ஐம்பது வருடம் நம் வட்டாரத்து வில்லுப்பாட்டை அவரைவிட அதிகமாகக் கேட்டவர் யாரும் இருக்க முடியாது. பாடியவர்கள்கூடத் தங்கள் பாட்டை மட்டும்தானே கேட்டார்கள்.

என் கணவர் இறந்தபின் நான் ஒரு வருடம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் பேசவும் பிடிக்கவில்லை. அந்த நாளில் ஒரு காலை, காஜா பாய் பெரிய அட்டைப்பெட்டியோடு மேலகரத்தில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பெட்டி நிறையக் கேசட்டுகள். அவர் பதிவு செய்த கொடைப் பாட்டுகள். “ஆச்சி, ஒண்ணுலயும் பேரு எழுதல. யாரு பாடுதா, எந்தக் கதைன்னு உங்க காதுக்குத்தான் பிடிபடும். எனக்கு எழுத்தும் கோணல் மாணலா வரும். செத்த எழுதிக் குடுக்கணும்” என்றார். மறுக்க நினைத்தேன். ஆனால் கோணல் எழுத்து என்று கேட்டபின் என்னால் சும்மா இருக்க முடியாது என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. நான்கு மாதம் உட்கார்ந்து கேட்டு, கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதினேன். எழுதி முடித்த கேசட்டுகளைத் திருப்பிக் கொடுக்கத்தான் தென்காசியில் இருந்த அவர் கடைக்கு முதலில் போனேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்படித்தான் நம் கூட்டம் தொடங்கியது.

கூட்டம் என்றால் நான்கு பேர். ஓய்வுபெற்ற கண்டக்டர் ஆறுமுகம் அண்ணாச்சி, கேரள எல்லையோரச் செங்கோட்டையில் டீத்தூள் வியாபாரம் செய்யும் தங்கப்பன், நான், பாய். எங்களைச் சுற்றி நின்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் ஐந்தாறு பேர் எப்போதும் உண்டு. இதைப் படிக்கிற உங்களில் சிலரும் அப்படி நின்றவர்கள்தான். பழுதான ஒலிபெருக்கி ஹார்ன்களுக்கு நடுவே மடக்கு நாற்காலிகளைப் போட்டு, முந்தைய வாரம் கேட்ட வில்லுப்பாட்டைப் பற்றிப் பத்து மணிக்கு ஆரம்பிப்போம். பாய் மட்டும் நின்றபடி ஏதாவது ஒயரை ஈயத்தால் பற்றவைத்துக்கொண்டிருப்பார்.

விவாதம் ஒன்றே ஒன்றுதான். வில்லுப்பாட்டு கெட்டுவிட்டதா, இல்லையா.

கெட்டுவிட்டது என்பது என் கட்சி. ஆறுமுகம் அண்ணாச்சியும் என் பக்கம். வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை. இவ்வளவு போதும் என்பது எங்கள் வாதம். இப்போது கீபோர்டு வந்துவிட்டது. கதையின் நடுவே சினிமா மெட்டு வருகிறது. உடுக்கையின் சுருதி கயிற்றை அழுத்துகிற விரலில் இருக்கிறது, கீபோர்டின் சுருதி கம்பெனியில் வைத்தது. இரண்டும் எப்படிச் சேரும் என்று கேட்பேன். கான்வென்டில் ஆறு வருடம் பியானோவும் சேர்ந்திசையும் கற்றவள் நான். அரைச் சுருதி பிசகினாலும் என் காது பொறுக்காது.

தங்கப்பன் இடையில் புகுவார். “எந்தா ஆச்சி இது, எங்க பக்கம் செண்டை கேட்டா நீங்க இப்படிப் பேச மாட்டிய.”

“செண்டைய நீரு செங்கோட்டையோட வச்சுக்கிடும்வே. இங்கன கதை நடக்கு” என்பார் அண்ணாச்சி.

“கதை எங்க நடக்கு? உம்ம பஸ்ஸு மாதிரி ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நிக்கு.”

பாய் சிரிப்பார். பிறகு மெதுவாக, “மைக்கு முன்னால பழசு புதுசு கெடையாது ஆச்சி. கிட்ட நிக்கானா, தள்ளி நிக்கானா. அம்புட்டுத்தான்” என்பார். எங்கள் கூட்டத்தில் புதுமையின் கட்சி என்று ஒன்று இருந்தது என்றால் அது அவர் ஒருவர்தான். அவர் ஒவ்வொரு ஞாயிறும் தோற்றார்.

அவரைத் தோற்கடிக்க என்னிடம் ஒரு கதை இருந்தது. உங்களுக்கெல்லாம் அது மனப்பாடமாகியிருக்கும். எனக்குக் கல்யாணமான வருடம், ராயகிரிப் பக்கம் என் கணவரின் ஊரில், மதியக் கொடையில் நான் முதன்முதலாக வில்லுப்பாட்டுக் கேட்டேன். குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி ஆர்மோனியத்தைக்கூடப் பக்கத்தில் உட்கார விடாதவர். அம்மன் தன் தங்கையைத் தேடிக் காடு காடாக அலையும் இடத்தை அவர் பாடியபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த நிமிடத்தில்தான் நான் வில்லுக்கு அடிமையானேன். பிற்பாடு அதே மெட்டை ஒரு சினிமாப் பாட்டில் கேட்டேன். சினிமாக்காரர்கள் நம் வில்லிலிருந்து களவாண்ட மெட்டு அது என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்லி வந்தேன். கூடவே என் கணவரின் வாக்கையும் சொல்வேன். “வில்லுல சினிமா மெட்டு நொழஞ்சா, எந்திச்சு வந்திரணும்.” அதற்குமேல் யார் பேச முடியும்?

இது வெறும் பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஊர்க் கொடைக்கு வில்லுக் குழுவை அழைக்க, எங்கள் வீட்டிலிருந்துதான் வெற்றிலை பாக்கு போக வேண்டும். கணவருக்குப் பின் அந்த உரிமை என்னிடம் வந்தது. அம்பாசமுத்திரம் பக்கத்து இசக்கியம்மாள் குழுவைக் கேட்டு விழாக் கமிட்டியார் இரண்டு வருடம் வந்தார்கள். கீபோர்டு வைத்திருக்கிறாள் என்று இரண்டு வருடமும் வெற்றிலை கொடுக்க மறுத்தேன். அந்தப் பெண் பாடி நான் ஒரு வரிகூடக் கேட்டதில்லை. “கேட்டுட்டுச் சொல்லுங்க ஆச்சி” என்று பாய் மட்டும் சொன்னார். கேட்க வேண்டிய அவசியமில்லை என்றேன்.

மூன்று வருடத்துக்கு முன், ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்த ஒரு புதன்கிழமை முற்பகல், பாய் என்னைக் கடைக்கு வரச் சொன்னார். வேறு யாரும் இல்லை. டேப் ரிக்கார்டரில் ஒரு கேசட்டைப் போட்டார். “உங்க ஊரு கொடை ஆச்சி. நீங்க கல்யாணமாயி வந்த வருசம். எம் மச்சான் துபாய்லருந்து டேப்பு கொண்டாந்த புதுசு. கேட்டுக்கிட்டு இருங்க, டீ சொல்லிட்டு வாரேன்” என்று வெளியே போனார். டீக்கடை அடுத்த கடைதான். அவர் திரும்பி வர முக்கால் மணி நேரமாயிற்று.

இரைச்சலுக்கு நடுவே என் அண்ணாவியின் குரல் எழுந்தது. அந்தக் குரலில் எனக்குச் சந்தேகமில்லை. அதன்பின் ஒரு ஆர்மோனியம் கேட்டது. அதற்கும் பிறகு ஒரு கிளாரினெட். நான் டேப்பை நிறுத்தி, திருப்பி, மறுபடி கேட்டேன். ஆர்மோனியம்தான்.

கதை கொஞ்ச நேரம் போனது. பிறகு மைக்குக்கு மிக அருகே, காதில் பேசுகிற தாழ்ந்த குரலில் ஒருவர் பேசினார்.

“அண்ணாவி, கொஞ்சம் சினிமா மெட்டுல ஒண்ணு எடுத்துவிடும்வே. எங்க வீட்டுல உக்காந்தமேனிக்கே தூங்குதா. கான்வென்ட்ல படிச்ச புள்ள. பாதியில எந்திச்சுப் போயிட்டான்னா எங்கம்மகிட்ட எனக்குல்லா ஏச்சு விழும்.”

“அதுக்கென்ன, இப்ப வந்த படத்துல ஒரு பாட்டு கெடக்கு. மகராசிய எழுப்பிருவோம்” என்றார் அண்ணாவி. பக்கப்பாட்டுக்காரர்கள் சிரித்தார்கள். உடனே அம்மன் தங்கையைத் தேடிக் காட்டுக்குள் நடக்கத் தொடங்கினாள். அந்த மெட்டில். என்னைச் சிலிர்க்க வைத்த அதே மெட்டில்.

சினிமா பார்க்கவும் சினிமாப் பாட்டுக் கேட்கவும் அனுமதியில்லாத விடுதியில் வளர்ந்தவளுக்கு அது சினிமா மெட்டு என்று எப்படித் தெரியும்? அன்று கேட்டது எல்லாமே எனக்கு வில்லுப்பாட்டுத்தான்.

காதில் பேசிய அந்தக் குரல் என் கணவருடையது. அவர் போய் எட்டு வருடமாகியிருந்தது. இருபத்தேழு வயதுக் குரலை எழுபதை நெருங்கிய காதால் கேட்டேன். பிற்காலத்தில் வாழ்நாள் முழுக்க, சினிமா மெட்டு வந்தால் எழுந்துவிட வேண்டும் என்று என்னிடம் அவர் சொன்னதெல்லாம், நான் பெருமையாகப் பேசுவதைக் கேட்டு, அதற்கு ஏற்பச் சொன்னது என்று அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

பாய் டீயோடு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. “எத்தன வருசமா வச்சிருக்கிய?” என்று கேட்டேன்.

“அன்னைலருந்துதான் ஆச்சி.”

“ஞாயித்துக்கிழமை போட்டுக் காட்டியிருக்கலாமே. ஒரு நாளுல முடிஞ்சிருக்குமே பேச்சு.”

டீயை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார். “உங்க வீட்டு அண்ணாச்சி ஊருக்குச் சொல்லல. அண்ணாவி காதுல சொன்னாவ. அவுக குனிஞ்ச ஒடனே நான் ஹார்ன அமத்திட்டேன். டேப்பு மட்டும் ஓடுச்சு. அன்னைக்கு ஊரு கேக்காதத இன்னைக்கு நான் எப்படி ஊருக்குப் போடுவேன்?” பிறகு கேசட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். “இது உங்க வீட்டுச் சாமான். அந்த இசக்கியம்மாளத்தான் ஒரு தடவ கேட்டுட்டுச் சொல்லுங்க.”

கேசட்டின் உறையில் ஊர், மாதம், அண்ணாவியின் பெயர் எல்லாம் எழுதியிருந்தது. அச்சுக் கோத்ததுபோன்ற எழுத்து. ஒரு கோணல் இல்லை. அது பாயின் எழுத்து. ஏழெட்டு வருடம் கழித்து, அன்று அட்டைப்பெட்டியோடு ஏன் வந்தார் என்பதும் அதே நிமிடத்தில் விளங்கியது.

அடுத்த ஞாயிறு வந்தது. நான் சொல்ல வேண்டியதை இனிமேல்தான் சொல்லப் போகிறேன். ஆறுமுகம் அண்ணாச்சி வழக்கம்போல, “ஆச்சி சொன்னாப்பல, அது சினிமாக்காரன் களவாண்ட மெட்டுல்லா” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. பற்றவைத்துக்கொண்டிருந்த கம்பியிலிருந்து கண்ணெடுக்காமல் பாய் சொன்னார், “ஆச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்.” அந்தக் குரலில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அன்றும் அவர் தோற்றார். அதன்பின் மூன்று வருடம், ஒவ்வொரு ஞாயிறும், எனக்குத் தெரியும் என்று தெரிந்தே தோற்றார். நானும் ஜெயித்துக்கொண்டே இருந்தேன்.

அந்த வருடம் இசக்கியம்மாளுக்கு வெற்றிலை அனுப்பினேன். காரணம் சொல்லவில்லை. ஆச்சிக்கு வயதாகி மனசு இளகிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். “ஆச்சி கேட்டுட்டுத்தான் முடிவு சொல்லியிருக்காவ” என்று பாய் எனக்காகப் பொய் சொன்னார். மதியக் கொடையில் அந்தப் பெண் பாடினாள். கீபோர்டு உடுக்கையோடு சேரவில்லை. அதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். நான் முகம் சுளித்ததைப் பெட்டிக்குப் பின்னாலிருந்து பார்த்த பாய் திருகைக் கொஞ்சம் திருப்பினார். கீபோர்டு பின்னால் போய், இசக்கியம்மாளின் குரல் முன்னால் வந்தது. அப்படி ஒரு குரலை இரண்டு வருடம் வாசலில் நிறுத்தி வைத்திருந்தேன். “சத்தத்தக் கொறைக்கலாம் ஆச்சி, ஆள நிறுத்தப்படாது” என்று பிறகு சொன்னார். பாட்டின் நடுவே சினிமா மெட்டு ஒன்று வந்தது. முன்வரிசையில் தலை தொங்கிக்கொண்டிருந்த ஒரு இளம்பெண் விழித்து நிமிர்ந்தாள். நான் எழுந்து போகவில்லை.

அவர் இறந்த அந்தச் செவ்வாய்க்கிழமையே கடையநல்லூருக்குப் போனேன். பெண்கள் இருந்த அறையில் ரஹ்மத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவரை எடுத்துக்கொண்டு போனார்கள். அவரிடம் சொல்ல வேண்டிய நன்றியை நான் ஒரு நாளும் வாயால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதற்கு என்றும் சொல்ல வேண்டியிருக்கும். அந்த ஒரு காரணத்துக்காக மூன்று வருடத்தை வீணாக்கினேன்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இரண்டு. ஒன்று அந்தக் கேசட். அதில் என் கணவரின் குரல் இருக்கிறது, என்னை எழுப்பிய மெட்டு இருக்கிறது. இன்னொன்று, எப்போது ஹார்னை அமர்த்த வேண்டும் என்று அறிந்திருந்த அவருடைய கை. அது எனக்கு வராது. ஆனால் யாராவது பேசத் தொடங்கும்போது என் வலது கை தானாக ஒரு திருகைத் தேடுகிறது.

அந்தப் பேச்சு எங்கள் வீட்டுப் பேச்சு. அதை ஊருக்குப் போட அவருக்கு உரிமையில்லை என்று அவர் நினைத்தார். எனக்கு இருக்கிறது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து வரும் ஞாயிறு, பத்து மணிக்கு, கடையில் அந்தக் கேசட்டைப் போடச் சொல்லியிருக்கிறேன். இப்போது பெட்டிக்குப் பின்னால் நிற்பது அவர் மகன். என் கணவர் குனிந்து பேசும் இடம் எது என்று அவனுக்குக் காட்டிவிட்டேன். அங்கே ஹார்னை அமர்த்த வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.