காற்றில் ஓடிய ஓட்டோ

வேலணையில் வாகனம் பழுதானால் பிரதாபனிடம்தான் போவார்கள். நடுத்தெருவில் படுத்துவிட்ட பஸ்ஸைக்கூட எப்படியோ எழுப்பிவிடுவார். அப்படி எடுத்த நல்ல பெயரை, கட்டின மனைவியைவிடக் கவனமாக அவர் பார்த்துக்கொள்கிறார் என்று நிலாந்தினி சொல்லுவா.

பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருசம், அவர் வாகனம் திருத்துகிற கராச் வெறிச்சோடிப் போனது. அப்போதுதான் கதை வந்தது. சுருவிலில் கடலட்டை பிடிக்கக் கடலுக்கடியில் சுழியோடுகிற டிலோன் காற்றில் ஓட்டோ ஓட்டுகிறானாம்.

பிரதாபன் சிரித்தார். ஆனால் மறுநாள் அந்த ஓட்டோ அவருடைய வாசலாலேயே போனது. எஞ்சின் இரைச்சல் இல்லை, புஸ் புஸ் என்ற சத்தம் மட்டும். சுழியோடிகள் முதுகில் கட்டுகிற காற்றுச் சிலிண்டர்கள் பின்னால் படுத்திருந்தன. அடைத்து வைத்த காற்று பாய்கிற வேகத்தில் ஒரு சின்ன மோட்டார் சுழன்று ஓட்டோவின் சில்லுகளை உருட்டியது. உள்ளே இரண்டு ரீச்சர்மார் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

ரயருக்குக் காற்றடிக்கிற மெசின் அவருடைய கராச்சிலும்தான் இவ்வளவு காலமாக நிற்கிறது. தனக்கு ஏன் இது தோன்றவில்லை? நிலாந்தினி வேறு, அந்தப் பெடியனின் மூளையை மெச்சி மெச்சிக் கதைத்தா.

பிறகு வந்தவர் போனவரிடமெல்லாம் பிரதாபன் ஒன்றையே சொன்னார்: உப்புத்தண்ணியில் கிடந்த சிலிண்டர், வெடித்தால் ஆளைப் பொறுக்கவும் ஏலாது. சொன்னது அவர் என்பதால் சனம் நம்பியது. ரீச்சர்மார் சைக்கிளுக்கு மாறினார்கள்.

கொஞ்ச நாளில் டிலோன் ஓட்டோவைக் கராச்சுக்குக் கொண்டுவந்தான். கதையைக் கிளப்பியது யாரென்று அவனுக்குத் தெரியாது.

"அண்ணை, ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் சனம் கேக்கும்."

பிழை பிடிக்கத்தான் பிரதாபன் குனிந்தார். சிலிண்டரில் துரு இல்லை. பட்டிகள் இறுக்கமாக இருந்தன. அமுக்கம் கூடினால் தானாகத் திறக்கிற வால்வும் பொருத்தியிருந்தான். குழாயில் மட்டும் வெண்பனி படிந்திருந்தது. பாயும் காற்றின் குளிரில் மோட்டார் விறைத்து, கொஞ்சத் தூரத்தில் நின்றுவிடுகிறது, அதற்குத்தான் வழி தெரியவில்லை என்றான் டிலோன்.

பிரதாபனுக்கு வழி பிடிபட்டுவிட்டது. அதைத் தனக்கே வைத்துக்கொண்டு எழும்பினார்.

"வெடிக்காது," என்றார். "ஆனால் தூரம் போகாது."

ஊருக்கும் அதையே சொன்னார். கராச் கதவைச் சாத்திக்கொண்டு, கைவிட்டுக் கிடந்த ஒரு பழைய காரில் சிலிண்டர்களையும் காற்று மோட்டாரையும் பூட்டித் தானே வேலை தொடங்கினார். காற்று மோட்டாருக்குப் போகுமுன் வெளிச்சூட்டில் வெதுவெதுப்பாகட்டும் என்று செப்புக்குழாயைச் சுருள் சுருளாக வளைத்து முன்பக்கம் பூட்டினார். பல தரம் பிழைவிட்டுத் திருத்தி, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலணையிலிருந்து சாட்டிக் கடற்கரை வரை நிற்காமல் ஓட்டிப்போய்ச் சேர்ந்தார்.

அதற்குள் பெற்றோல் தாராளமாக வந்துவிட்டது. கடற்கரையில் வான்களும் மோட்டார் சைக்கிள்களும் நிறைந்து கிடந்தன. ஒருவர் மட்டும், பற்றரிக் காரோ என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் குளிக்கப் போய்விட்டார்.

நின்று பார்த்தது டிலோன் ஒருவன்தான். கேள்விப்பட்ட உடனே வந்து, மணலில் படுத்துச் சுருளைத் தடவிப் பார்த்தான். எழும்பியபோது முகமெல்லாம் சிரிப்பு.

"இதைத்தான் அண்ணை நான் தேடித் திரிஞ்சனான். நல்ல வேலை."

இந்தச் சொல்லுக்காகத்தான் பிரதாபன் அத்தனை மாதம் பாடுபட்டார். இப்போது அது இனிக்கவில்லை. இன்னொருவன் வென்றதைப் பார்த்து இப்படிச் சிரிக்க இவனால் எப்படி முடிகிறது? அந்தச் சிரிப்பின் மேலும் அவருக்குப் பொறாமை வந்தது.

கார்த் திறப்பை அவனிடம் நீட்டினார்.

"இந்தாரும், நீர் ஓட்டும்," என்றார்.