சர்க்கார் கம்ப்யூட்டருக்கு நெற்றி கிடையாது

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆனாலும் தென்காசியில் நான் வேலை பார்க்கும் அரசு அலுவலகத்தில், பதினோரு வருடமாக ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கம்ப்யூட்டர்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவந்தவன் நான்தான். வெளியே சொல்லவே வெட்கமாக இருக்கிறது. 'உங்க கைக்குத்தான் பொட்டு வட்டமா விழுது' என்று யாரோ சொன்னார்கள். அந்த ஒரு பாராட்டுக்குக் கொள்கையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன். சுண்டலும் ஒரு காரணம்.

இந்த வருடம் கிண்ணத்தோடு நாலாவது மேசைக்குப் போனேன். அங்கே அச்சன்புதூரிலிருந்து வந்துபோகும் இளநிலை உதவியாளர், முஸ்லிம் பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"என் சிஸ்டத்துக்கு வேண்டாம் சார்" என்றாள்.

கண்காணிப்பாளர் தேங்காயும் கையுமாகத் திரும்பினார். "ஒரு பொட்டுல என்னம்மா கொறஞ்சிருது? இதெல்லாம் மதமா? ஆபீஸ் வழக்கம். ஒம் ப்ரொபேஷன் ரிப்போர்ட்டை நாந்தான் எழுதணும், ஞாபகம் இருக்கட்டும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. "நீரு வையும்வே" என்றார் என்னிடம்.

பழகிய கை, தானாக நீண்டது. அவள் திரையை மறைத்து நின்றுகொண்டாள். எனக்கே என் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கிண்ணத்தைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன்.

"வைக்க மாட்டேன் சார். இது இவ வீட்டுச் சாமானும் இல்ல, உங்க வீட்டுச் சாமானும் இல்ல, சர்க்காரோடது. சர்க்காருக்கு நெத்தி கிடையாது. உங்க வீட்டுல நூறு பொட்டு வையுங்க, நானே வந்து சந்தனம் அரைச்சுத் தாரேன். இங்கன மனுவோட வந்து நிக்கவன் எந்தச் சாமியக் கும்பிடுதான்னு நமக்கு எதுக்கு?"

"இதை எழுதிக் குடுப்பீராவே?"

கொடுத்தேன். ரெண்டு பக்கம். இதைக் காரணம் காட்டி அவள் ரிப்போர்ட்டில் ஒரு வரி விழுந்தாலும் மேலதிகாரி வரை போவேன் என்று முடித்து, நகலில் அவரிடமே கையெழுத்தும் வாங்கினேன். அந்தக் கம்ப்யூட்டர் வெறும் கம்ப்யூட்டராகவே இருந்தது. அடுத்த வருடமும் கேட்கட்டும், இதையேதான் எழுதுவேன்.

சாயங்காலம் பஸ் நிலையத்தில் குற்றாலம் பஸ்ஸுக்கு நின்றபோது அவள் பக்கத்தில் வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று முகத்தைப் பணிவாக வைத்துக்கொண்டேன்.

"நான் வேண்டாம்னு தெளிவாத்தான் சார் சொன்னேன். நீங்க பேசின பேச்சுல அது ஒருத்தர் காதுலயும் விழல."