முதல் பாரா எல்லோருக்கும் ஒன்றுதான்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இலவச சட்ட உதவி மையம் ஒன்றில் மனு எழுதும் வேலை எனக்கு. செங்கம் ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. வக்கீலுக்குப் படித்துவிட்டு கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தேன். ஏழைகளைக் காப்பாற்றப் போகிறோம் என்ற தலைக்கனம் நிறையவே இருந்தது.

இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஒரு அக்கா வந்தார். அவருடைய கணவர், ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் அறைகளுக்குப் பெயிண்ட் அடிக்கப் போயிருக்கிறார். முகாமில் ஆள் கணக்கெடுக்க வந்த நேரத்துக்குத் திரும்பவில்லை. பதிவேட்டிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள். பெயர் இல்லையென்றால் அரிசி கிடையாது, முகாமில் தங்கவும் முடியாது. விசா முடிந்தும் மாசக்கணக்கில் அதே அறைகளில் கிடந்தவர்களை யாரும் கணக்கெடுக்கவில்லை. சுவருக்குப் பெயிண்ட் அடித்தவரைத்தான் கணக்கெடுத்தார்கள்.

"அவரின்ட பேரைத் திரும்பப் போட்டால் போதும், பிள்ளை. வேறொண்டும் கேக்கேல்லை" என்றார்.

அன்றைக்கே மனுவும் கணவர் பெயரில் உறுதிமொழிப் பத்திரமும் தயார் செய்தேன். பத்திரத்தின் முதல் பாராவை நாங்கள் யோசித்து எழுதுவதில்லை. இன்னாரின் மகன், இத்தனை வயது, 'மேற்படி முகவரியில் நிரந்தரமாக வசித்து வருகிறேன்.' நிலத் தகராறுக்கும் அதுதான், ரேஷன் கார்டுக்கும் அதுதான். விரல் தன்பாட்டுக்கு டைப் அடித்தது. கணவர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

விசாரணை நாளில் அக்காவைக் கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். அதிகாரி அந்த ஒரு வரியைப் பேனாவால் தட்டினார்.

"நிரந்தரமா இங்கதான் இருக்கேன்னு அவரே சத்தியம் பண்ணியிருக்காரு. அப்புறம் எதுக்குங்க அகதி முகாமு? ஒண்ணு இது பொய், இல்லேனா அவரு அகதி இல்ல. எதுன்னு நீங்களே சொல்லுங்க மேடம்."

"அது வழக்கமா போடற வார்த்தைங்க சார். என் தப்புதான். மாத்தித் தர்றேன்."

"சத்தியத்த மாத்துவீங்களா?" என்று சிரித்தார். மனு தள்ளுபடி. பொய்ப் பத்திரம் கொடுத்தவர் என்று ஒரு குறிப்பும் கோப்பில் ஏறிவிட்டது.

அந்த ஆள் மேல் கோபம், என் மேல் அதைவிட ஜாஸ்தி. ஆனால் வெளியே வந்து அக்காவிடம் சொன்னது, "அந்த ஆளு மனசாட்சியே இல்லாதவன்க்கா" என்பது மட்டும்தான். அது பொய்யில்லை. மீதியை விழுங்கிவிட்டேன். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்காக இவ்வளவு அலைகிறீர்களே என்று கண்கலங்கினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு முறை மறு மனு போட்டேன். இரண்டு முறையும் அந்தக் குறிப்பைக் காட்டியே திருப்பி அனுப்பினார்கள்.

அதற்குள் இலங்கைக்குத் திரும்புகிறவர்களின் பட்டியல் எடுக்க ஆரம்பித்தார்கள். அங்கே சண்டை ஓயவில்லை, எல்லோருக்கும் தெரியும். அக்கா இங்கிலீஷில் அச்சடித்த படிவத்தோடு வந்தார். வரிவரியாகப் படித்துச் சொன்னேன்.

"சொந்த விருப்பத்துலதான் போறோம்னு போட்டிருக்குக்கா. போகாதீங்க, இன்னொரு தடவ மனு போட்டுப் பாக்கலாம்."

"எத்தினை நாளைக்கு அந்த மனுசன் ஒளிச்சுத் திரியிறது?" படிவத்தை என் பக்கம் தள்ளினார். "நீங்களே நிரப்பித் தாங்கோ, பிள்ளை. வேற ஆக்கள் எழுதினால் பிழை விட்டிடுவினம்."

ஓர் எழுத்துத் தவறாமல் நிரப்பிக் கொடுத்தேன்.