தொலைந்த ராஜகுமாரனின் மீதிக் கதை

சினிமா என்றால் எனக்குப் பைத்தியம். திருவனந்தபுரத்துக்குப் படிக்கப் போன பிறகு வந்த படம் ஒன்றையும் விட்டதில்லை. ஆனால் சின்ன வயதில் முதன்முதலாகப் பார்த்த படத்தின் முடிவு மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது.

பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் கிறிஸ்தவ சபைக் கோயிலில்தான் அதைக் காட்டினார்கள். எல்லை யாருக்கு என்று ஊரே இரண்டாகக் கிடந்த காலம். திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் மதராசோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனவர்களில் என் அத்தானும் ஒருவர். அப்பாவின் தங்கைக்கு ஒரே மகன். அவளை நான் மாமி என்று கூப்பிடுவேன். மாமா இறந்த பிறகு அவர்கள் இருவரும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள்.

ஊர்வலத்துக்குள் போலீஸ் புகுந்து அடித்தது. ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள், அத்தான் திரும்பவில்லை. நாகர்கோவிலில் ஒளிந்திருக்கிறான் என்றார்கள். இல்லை, மதராசுக்கே போய்விட்டான் என்றார்கள். வெள்ளிக்கிழமை ஒரு போலீஸ்காரர் வந்து, ஓடையிலிருந்து எடுத்த ஒரு பையன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், உயிரில்லை, ஆள் யாரென்று வந்து பாருங்கள் என்றார். அப்பாவும் மாமியும் போனார்கள். திரும்பி வந்த மாமி முற்றத்தில் நின்றபடியே சொன்னாள்:

"அது எனக்க மவன் இல்ல. அவனுக்க மூஞ்சி அப்பிடியா இருக்கும்?"

அம்மா ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே மரச்சீனிக் கிழங்கு அவித்தாள். அப்பா சாப்பிடவில்லை. அவருக்கு வயிற்றுவலி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பிற்பகல்தான் படம். வரைந்த பொம்மைகள் ஓடியாடிப் பாடுமாம் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மாமியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கோயில் ஜன்னல்களைச் சாக்கு போட்டு மறைத்திருந்தார்கள். வெளியே மின்சார எஞ்சின் கடகடக்க, உள்ளே வெள்ளைத் துணியில் ஒரு ராணி பாடினாள். இங்கிலீஷ் பாட்டு. ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆனாலும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சபை உபதேசியார் ஒரு பிரம்போடு நின்று தமிழில் விளக்கினார்: சண்டையில் ராஜாவுக்க பிள்ளை காட்டில தொலஞ்சு போச்சு, அம்மை தேடிப் பாடுகா. உடனே பின்வரிசையிலிருந்து ஒருவர், "மலையாளத்தில் பறயணம் உபதேசியாரே, ஞங்ஙளும் காணான் வந்நதாணு" என்றார். மலையாளத்தில் சொல்ல வேண்டுமாம், அவர்களும் பார்க்க வந்தவர்களாம்.

"காணத்தானே வந்தீரு? அப்பம் கண்டுட்டு இரும்" என்றது தமிழ் வரிசை.

"மொதல்ல அந்தப் பிள்ளை தமிழனா மலையாளியா, அதச் சொல்லும்வே!"

"எலே, அது இங்கிலீஸ்காரப் பிள்ளையாக்கும்! சும்மா இருங்கலே" என்று உபதேசியார் கத்தினார். யாரும் சும்மா இருக்கவில்லை. அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் இரண்டு மொழியும் தெரியும். எதில் சொன்னாலும் எல்லாருக்கும் புரிந்திருக்கும். ஆனாலும் பெஞ்சு கவிழ்ந்தது, துணி கிழிந்தது, யாரோ எஞ்சினை நிறுத்தினார்கள். ராஜகுமாரன் அணில்களோடு பாடிக்கொண்டிருந்த இடத்தில் காடே இருண்டுபோயிற்று. படப்பெட்டி அன்றைக்கே வண்டியேறிப் போய்விட்டது.

சாயங்காலம் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மாமி திடீரென்று கேட்டாள். "பிள்ளே, அந்தப் பையன் பின்னே வந்தானா?"

எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு அப்போது தெரியாது. "வந்தான் மாமி!" என்று ஆரம்பித்தேன். காட்டில் முள் கிழித்து, சேறு அப்பி, முகமே மாறிப்போய் வந்தான். காவல்காரர்கள், இது ராஜகுமாரனே இல்லை என்று விரட்டினார்கள். அப்போது ராணி வந்தாள்.

துருவுகிற கை நின்றுவிட்டது. "மூஞ்சி மாறிப்போனா அவ எப்பிடி அடையாளம் கண்டா?"

கதை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, விடுவேனா! "அவ மூஞ்சியப் பாக்கவே இல்ல மாமி. காலைத்தான் பாத்தா. கால் விரலைப் பாத்ததும், எனக்க பிள்ளைன்னு கட்டிப் பிடிச்சா. பெத்த அம்மைக்குத் தெரியாதா?"

மாமி தேங்காய்ச் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் அப்பாவிடம் போனாள்.

"அண்ணே, நாளைக்கு இன்னொருக்கா ஆஸ்பத்திரிக்கு போவணும். கால் துணிக்கு வெளியதான் கெடந்தது. நான் பாத்தேன்."

அப்பா, "எனக்கும் தெரியும், மக்கா" என்றார். பிறகு என் வாழ்நாளில் முதல் முறையாக அவர் சத்தம்போட்டு அழுவதைக் கேட்டேன். இருவரும் அத்தானைக் கூட்டிவரத்தான் போகிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல் பெரியவர்களும் அழுவார்கள் போலிருக்கிறது. என் கதைக்கு இவ்வளவு சக்தியா என்று எனக்கே மலைப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா பெட்டியைத் திறந்து, மடிப்புக் கலையாத வெள்ளைப் புதுவேட்டி ஒன்றை எடுத்தாள். நான் ஓடிப்போய் அதை வாங்கிக்கொண்டேன். அரண்மனைக்குத் திரும்பும் ராஜகுமாரன் கிழிந்த துணியோடா வருவான்? ஒரு தூசியும் படாமல் மாரோடு அணைத்து எடுத்துப்போய், சிரித்துக்கொண்டே மாமியின் கையில் கொடுத்தேன்.