செல்லையா பெயருக்கு நேரே நான் எழுதியது

இன்று காலை குன்னூர் பேருந்தில், எங்கள் எஸ்டேட் கால்பந்து ரசிகர் ஒருவர் பழைய ஆட்டப் பதிவேட்டை என்னிடம் நீட்டினார். தேயிலை விலை சரிந்து மூடிய ஃபேக்டரியில் கிடைத்ததாம்.

"ஏனுங்க, இந்தச் செல்லையா அத்தன கோல் போட்டுட்டு, அப்புறம் ஒரு மேட்சுக்கும் வரலீங்களே. கோவிச்சுட்டாருங்களா?"

செல்லையா பெயருக்கு நேரே, ஆட்டத்துக்கு ஆட்டம் தேதியிட்டு, 'வரவில்லை' என்றிருந்தது. எழுதியவன், அன்று அணிச் செயலாளராக இருந்த நான்.

"பட்டாளத்தில் சேர்ந்தவர், 1971 டிசம்பர் போரில் இறந்துவிட்டார். பெயரை அடிக்க எனக்கு மனம் வரவில்லை" என்றேன்.

ரசிகர் பதிவேட்டை என் மடியில் வைத்தார். பிறகு, "ஞாயித்துக்கெழம மேட்சுக்கு முன்னால அவரு பேரக் கூப்பிடறோமுங்க. எல்லாரும் எந்திரிச்சு நிப்போம். நோட்ட நீங்களே எழுதோணும்" என்றார்.

ஞாயிறன்று அவர் பெயருக்கு நேரே 'வந்தார்' என்று எழுதுவதாக இருக்கிறேன். விதிப்படி தவறுதான். ஆட்சேபனை உள்ளவர்கள் கீழே தெரிவிக்கலாம்.